சிவப்பு இடது கண்ணுக்கு

என் தங்கை ட்வைலா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறக்கும்போதே இடது கண்ணில் பார்வை கிடையாது. அப்படியும் மூன்றாவது முயற்சியில் ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். நாற்பத்தைந்து வருடம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டினாள். எங்கள் ஊர் அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்குத் தேர்வு எழுதிய பத்தொன்பது பேரில் தவறே இல்லாமல் முடித்தவள் அவள் ஒருத்திதான். இருபத்தெட்டு வருடம் அங்கே நின்றாள். அடுப்பின் கதவு சரியாக மூடாத வருடத்தில், மாவட்டக் கண்காட்சியில் பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்துக்கு இரண்டாம் பரிசு வாங்கினாள். ஓய்வு பெற்ற பிறகு, செவ்வாய்க் கோளின் தரையில் விசித்திரமான ஏழு இடங்களை, நிபுணர்களுக்கு முன்பே, எங்கள் சமையலறை மேசையிலிருந்து கண்டுபிடித்தாள்.

அந்த ஏழில் ஒன்றின் கீழும் அவள் பெயர் இல்லை. எட்டாவதாக ஒன்று இருக்கிறது. அதன் கீழே முழுப் பெயரும் இருக்கிறது. அது அப்படி ஆனதற்குக் காரணம் நான்.

என் பெயர் ராய்ஸ் ஹாஸ்கட். அவளைவிட நான்கு வயது மூத்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, எங்கள் ஊரான பார்ஸ்டோவின் ரயில் முற்றத்தில் சேர்ந்தேன். சரக்குப் பெட்டிகளின் சக்கரங்களையும் பிரேக்குகளையும் சோதித்து அனுப்பும் வேலை. முப்பத்தாறு வருடம். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை பார்ப்பேன். ரயிலின் ஒரு பக்கமாக நடந்து போகும்போது ஒரு தடவை, மறுபக்கமாகத் திரும்பும்போது ஒரு தடவை. நான் பார்த்து அனுப்பிய எந்தப் பெட்டியும் தடம் புரண்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு இது தேவைப்படுகிறது.

என் மனைவி ஜோலீன் இறந்த பிறகு, 2010இல், ட்வைலாவின் வீட்டுக்கே வந்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு விதி உண்டு. சிறு வயதிலிருந்தே உண்டு. அவளுக்கு வலப்பக்கம்தான் உட்கார வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

செவ்வாயில் ஊர்ந்து திரியும் ரோவர் என்ற ஆளில்லா வண்டி எடுக்கிற படங்கள் விண்வெளியைக் கடந்து வந்து, எங்கள் ஊருக்கு வடக்கே, ராணுவ நிலத்துக்குள் நிற்கும் பெரிய தட்டு ஆண்டெனாக்களிலும் விழும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அவை அப்படியே இணையத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உலகம் முழுக்க இதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து பேசும் இணையக் குழு ஒன்றில் ட்வைலாவும் இருந்தாள். அங்கே பாதிப் பேர் பாறையில் முகம் பார்ப்பவர்கள். கதவு, தொடை எலும்பு, படுத்திருக்கும் ஓணான் என்று தினமும் ஒன்று வரும்.

"இன்னைக்கி என்ன கிடைச்சுது, வறுத்த முட்டையா?" என்று காலையில் காபி ஊற்றும்போது கேட்பேன்.

"ஒரு ஷூ. இடது கால்."

"சைஸ் எனக்குச் சேருமா?"

"உன் காலுக்கு அங்க பள்ளத்தாக்குதான் சேரும்."

அவள் வேலை செய்யும் முறை வேறு. எந்தப் படத்தையும் முதலில் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பாள். "நேரா வெச்சா கண்ணுக்கு முன்னாடி மனசு பார்த்துடும். தலைகீழா இருந்தா மூக்கும் வாயும் கூடி வராது" என்பாள். ஏதாவது உறுத்தினால் நேராகத் திருப்புவாள். ரோவரின் முகத்தில் மனிதனைப் போலவே இரண்டு கண்கள். ஒரே இடத்தை இரண்டு கேமராக்களும் எடுக்கும். இடது கேமராவில் இருப்பது வலது கேமராவிலும் இருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் பார்ப்பாள். ஒன்றில் மட்டும் இருந்தால் அது கேமராவின் புள்ளி, விட்டுவிட வேண்டும். அப்புறம் சூரியன் எந்தப் பக்கம் நின்றது என்று கணக்குப் போட்டு, நிழல் விழும் திசையை வைத்து, அது பள்ளமா மேடா என்று முடிவு செய்வாள். எல்லாம் கோடு போட்ட நோட்டில் ஏறும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் குழுவில் எழுதுவாள்.

எழுதினாலும் பெயர் போட மாட்டாள். அஞ்சலகத்தில் அவள் நின்று கடிதம் பிரித்த அடுக்கின் எண் முப்பத்தொன்று. குழுவிலும் அவள் வெறும் 'முப்பத்தொன்று'தான்.

அந்தக் குழுவில் முனைவர் மாரிட் ஓய்லர் என்று ஒரு பெண்மணி இருந்தார். பக்கத்து மாநிலத்தில் பாறையியல் கற்பிப்பவர். ட்வைலாவின் ஏழு இடங்களையும் சரிபார்த்து, ஆமாம் இது கவனிக்க வேண்டியது என்று சொன்னவர் அவர்தான். 2016இல், தான் எழுதும் கட்டுரையில் நன்றி சொல்ல வேண்டும், உங்கள் முழுப் பெயர் என்ன என்று கேட்டு எழுதினார். ட்வைலா அந்தக் கடிதத்தை இரண்டு நாள் திறந்தே வைத்திருந்தாள்.

"எழுதேன். என்ன யோசிக்கிற?" என்றேன்.

"அந்த ஓணான் கோஷ்டியோட என்னையும் சேர்த்து எண்ணிடுவாங்க, ராய்ஸ். ஒருநாள் ஒரே ஒரு தப்பு பண்ணினாப் போதும். 'பார்ஸ்டோவில ஒரு ஒத்தைக்கண்ணு பைத்தியம் இருக்கா'ம்பாங்க."

"நீதான் தப்பே பண்றதில்லையே."

"எனக்கு ஆழம் தெரியாது. நிழலை வெச்சு ஊகிக்கிறேன், அவ்வளவுதான். அடுத்த தடவை, சந்தேகத்துக்கு இடமே இல்லாம ஒண்ணு கிடைச்சா, பேர் போடறேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து அவளைவிட எனக்குத்தான் பெரிய ஆசையாகிவிட்டது. லூப்பே கடையில் என்னோடு காபி குடிக்கும் பழைய ரயில் முற்றத்து ஆள் பெனிட்டோவிடம் அப்போதே சொல்லியும் விட்டேன்: அடுத்த தடவை ஹாஸ்கட் பெயர் வருகிறது, பார்.

அடுத்த தடவை 2018 கோடையில் வந்தது. செவ்வாயில் அப்போது பெரிய புழுதிப் புயல். கோள் முழுவதையும் மூடிவிட்டது. ரோவர் தன் காலடியில் இருந்த தட்டைப் பாறையை எடுத்த படம் ஒன்றில், ஒரே கோட்டில் எட்டு வட்டங்கள். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. தலைகீழாகப் பார்த்தபோது அவளுக்கு மேடாகத் தெரிந்தது. நேராகத் திருப்பினாள், அப்போதும் மேடு. ஆனால் கண் ஒரு தடவை மேடு என்று பழகிவிட்டால் பிறகு மேடாகவே காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். நிழலை வைத்துச் சொல்லலாம் என்றால், புழுதியில் சூரியனே சரியாக இல்லை. நிழல் எல்லாப் பக்கமும் கரைந்து கிடந்தது. பள்ளமாக இருந்தால் பழைய கதை. பாறையில் பதிந்திருந்த உருண்டைகள் உதிர்ந்துபோன குழிகளை ரோவர் நூறு இடங்களில் பார்த்தாயிற்று. மேடாக இருந்து, அதுவும் இப்படி வரிசையாக இருந்தால், புதிது.

இதற்கு ஒரு வழி உண்டு. இடது படத்தைச் சிவப்பிலும் வலது படத்தை நீலத்திலும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டு, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், பாறை எழுந்து நிற்கும். ஆனால் இரண்டு கண் வேண்டும். தன்னால் பார்க்கவே முடியாத அந்தப் படத்தை ட்வைலா தானே தயாரிப்பாள். எனக்கு நகர நூலகத்தில் செவ்வாய்க் கோள் தினம் கொண்டாடியபோது இலவசமாகக் கொடுத்த அட்டைக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் இடது காதுப் பட்டையின் உள்பக்கம் அவளே பென்சிலால் 'இடது' என்று எழுதி வைத்திருந்தாள்.

ஜூலை 31, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. நான் பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட்டின் மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டு அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. அதனால் நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"கையைத் துடைச்சுட்டு இதைப் பாரு. குழியா, மேடா? உனக்கு எது பிடிக்கும்னு சொல்லாத. எது தெரியுதுன்னு சொல்லு."

கண்ணாடியைத் தேடி எடுத்தேன். சட்டைப் பையில் மடங்கிக் கிடந்தது. பட்டைகளை விரித்து, என் மூக்குக் கண்ணாடியின் மேலேயே மாட்டினேன். திரையைப் பார்த்தேன். எட்டும் முத்து மாதிரி மேலே நின்றன.

"மேடு," என்றேன்.

"நிச்சயமா?"

"தொட்டா கையில படும்போல இருக்கு."

"கழட்டிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துட்டு, மறுபடியும் பாரு."

"முப்பத்தாறு வருஷம் சக்கரம் பார்த்த கண்ணு இது. மேடுன்னா மேடு. பேரை எழுதும்மா, தாயே."

அவள் சிரித்தாள். இரண்டாம் தடவை நான் பார்க்கவில்லை.

ஒன்றை இங்கே எழுதாமல் விட முடியாது. பாறைப் பலகைக்கு வெளியே கிடந்த மணல், பலகையைவிட உயரமாகத் தெரிந்தது. மணல் எப்படிப் பாறைக்கு மேலே நிற்கும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைச் சொல்லாமல் பிஸ்கட்டுக்குத் திரும்பினேன். சக்கரத்தில் அப்படி ஒன்று உறுத்தியிருந்தால் ரயிலையே நிறுத்தியிருப்பேன்.

அவள் குழுவில் எழுதினாள்: எட்டு மேடுகள், ஒரே வரிசை, இரண்டு கண்ணால் சரிபார்க்கப்பட்டது. கீழே முப்பத்தொன்று. ஓய்லருக்குத் தனியாக எழுதினாள்: நீங்களும் சரி என்றால், இந்தத் தடவை என் பெயரைப் போடலாம். அதை அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அன்று நூற்றுப் பத்து டிகிரி வெயில். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஓய்லர் மாணவர்களோடு மலைப் பக்கம் போயிருந்தார். ஒன்பது நாள் இணையம் இல்லை. அந்த ஒன்பது நாளில் எட்டு மேடுகள் தாமாக வளர்ந்தன. இதுவரை ஒரு தவறும் செய்யாத முப்பத்தொன்று சொன்னது என்பதால் குழுவில் எல்லோரும் நம்பினார்கள். யாரோ ஒரு ஆள் காணொளி போட்டான்: செவ்வாயில் முத்துமாலை, கோத்தது யார்? மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். லூப்பே கடைக்குள் நான் நுழைந்தபோது பெனிட்டோ கைபேசியைத் தூக்கிக் காட்டினான்.

"யோவ் ராய்ஸ், உன் தங்கச்சி நகைக்கடை வெச்சிருக்காளாமே அங்க? என் பொண்டாட்டிக்குத் தோடு ஒரு ஜோடி சொல்லி வை."

"அவ மாலைன்னு சொல்லல. மேடுன்னு சொன்னா. அது அந்தக் கிறுக்கன் சொல்றது."

"யார் சொன்னா என்ன? நீதான ரெண்டு வருஷமா பேர் வருது பேர் வருதுன்ன. வந்துடுச்சுல்ல?"

"பேர் இன்னும் வரலை."

"சீக்கிரம் போடச் சொல்லுய்யா. அவன் தன் பேரைப் போட்டுக்கப் போறான்."

அதை நான் வீட்டில் போய்ச் சொல்லவில்லை. ஆனால் ட்வைலாவும் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தாள். தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "மேடா இருக்கிற வரைக்கும் பரவாயில்ல. மேடுங்கிறது உண்மை. மிச்சத்தை அவன் பேசிட்டுப் போறான்," என்றாள். என் கண்ணை நம்பித்தான் அதைச் சொன்னாள்.

ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை மதியம் ஓய்லரின் பதில் வந்தது. ட்வைலா அதைப் படித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். அன்பான கடிதம். அவை குழிகள். நானும் என் மாணவர்களும் தனித்தனியே பார்த்தோம். சிவப்பு இடது கண்ணுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாறிவிட்டால் ஆழமெல்லாம் தலைகீழாகிவிடும், எங்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம், பெயர் இல்லாததால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் எழுந்து போய்ச் சட்டையைத் தேடினேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, அன்று மாட்டிய மாதிரியே மாட்டி, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். சிவப்பு என் வலது கண்ணில் இருந்தது. பையில் மடங்கிக் கிடந்த பட்டைகளை எதிர்ப் பக்கமாக விரித்து, முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டியிருக்கிறேன். அவள் எழுதிய 'இடது' என்ற வார்த்தை என் வலது காதின் மேல், வெளிப்பக்கமாக இருந்தது. அன்று காலை அந்தக் காது அவள் பக்கம்தான் இருந்தது. கையெட்டும் தூரத்தில். நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்து திரையை நோக்கித் திரும்பியிருந்தால், சிவப்பு எந்தக் கண்ணில் என்று ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாள்.

கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன்.

"ட்வைலா, நான் இதைத் திருப்பி மாட்டியிருக்கேன்."

வாங்கிப் பார்த்தாள். பென்சில் எழுத்தை விரலால் தடவினாள்.

"எழுதி வேற வெச்சேன்."

"படிக்கல."

"முப்பத்தாறு வருஷக் கண்ணு."

"ஆமா."

அவள் பட்டைகளைச் சரியான பக்கமாக மடக்கி மேசையில் வைத்தாள்.

"மணல் பாறைக்கு மேல நின்னுது. அதையும் பார்த்தேன். சொல்லல," என்றேன்.

அதைக் கேட்டுத்தான் அவள் முகம் மாறியது. கோபமில்லை. அஞ்சலகத்தில் முகவரி அழிந்த கடிதத்தைப் பார்க்கும் பார்வை அது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"சொல்லியிருந்தா அங்கேயே பிடிச்சிருப்பேன்," என்றாள்.

"தெரியும்."

அன்று முழுக்க அவள் நோட்டை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நீக்கிட்டியா?" என்றேன்.

"நீக்கலை. மூணு லட்சம் பேர் மாலைன்னு நம்பிட்டு இருக்காங்க. நான் சத்தமில்லாம அழிச்சா, மூடி மறைக்கிறாங்கன்னு இன்னொரு காணொளி வரும். திருத்தம் எழுதறேன்."

"அப்ப என் பேரைப் போடு. பார்த்தது நான். ராய்ஸ் ஹாஸ்கட், கண்ணாடியைத் திருப்பி மாட்டின முட்டாள்னு எழுது."

"நீ எனக்காகப் பார்த்த. சொன்னது நான்."

"அப்ப ரெண்டு பேரையும் போடு."

"ஒரு தப்புக்கு எதுக்கு ரெண்டு பேரு? காபி ஊத்து."

"முப்பத்தொண்ணுன்னே போட்டுட்டுப் போயேன், ட்வைலா. நீ இத்தனை வருஷம் பயந்தது இதுக்குத்தானே?"

"முப்பத்தொண்ணு சொன்னா எவன் கேப்பான்? எண்ணு மன்னிப்புக் கேக்குமா?"

நான் காபி ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஒன்பதாவது இடம் கிடைக்கவில்லை. இரண்டு வருடத்தில் அவளுடைய ஒரே கண்ணின் நடுவில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. விளிம்பில் கொஞ்சம் தெரிகிறது. படம் பார்க்கப் போதாது. பழைய ஏழுக்கும் அவள் பெயரைச் சேர்க்கட்டுமா என்று ஓய்லர் ஒருமுறை கேட்டார். "அது முப்பத்தொண்ணு பார்த்தது, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். இப்போது காலையில் நான்தான் படங்களைப் பார்த்து அவளுக்குச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்கிறாள்: "சிவப்பு எந்தப் பக்கம், ரயில்காரரே?" நான் சொல்கிறேன். விளையாட்டாகத்தான் கேட்கிறாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

பெனிட்டோ இன்றைக்கும் எப்போதாவது அவள் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், ஒன்றுதான் வருகிறது என்று. அந்த ஒன்றை அவன் இப்போது கேலி செய்வதில்லை. எனக்கு மனப்பாடமாகவே தெரியும். அவள் தட்டச்சு செய்யும்போது வலப்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

'ஜூலை 31 அன்று நான் மேடுகள் என்று எழுதியவை குழிகள். ஆழத்தைச் சரிபார்த்ததில் தவறு நேர்ந்தது. தவறு என்னுடையது. அவற்றை யாரும் கோக்கவில்லை. அவை பாறையில் உள்ள எட்டு வெறும் குழிகள்.'

அதன் கீழே வழக்கமான எண்ணைத் தட்டினாள். பிறகு அதை அழித்தாள். ஓட்டுநர் உரிமத்திலும் அஞ்சலகப் பதிவேட்டிலும் அவள் போட்ட கையெழுத்துகளை நான் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. தான் பார்த்த ஒன்றின் கீழ் என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது அப்போதுதான். ட்வைலா ஜூன் ஹாஸ்கட், பார்ஸ்டோ, கலிபோர்னியா. வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 10, 2018.